புரட்டிச் செதுக்கிய காளை

மெஷினில் ஒரு பக்கம் செதுக்கி, புரட்டிப் போட்டு மறுபக்கமும் செதுக்கிய மரக் காளை அது. வயிற்றுப் பகுதியில் இடப்பாதியும் வலப்பாதியும் கச்சிதமாக ஒட்டியிருந்தன. திமிலுக்குப் போனால் வலப்பாதி அரை மி.மீ. முன்னால் தள்ளி நின்றது. குளம்புக்கு இறங்கினால் அதே வலப்பாதி அரை மி.மீ. பின்னால் போயிருந்தது. கண்ணுக்கு உடனே தெரியாது. விரலால் தடவினால் நகத்தில் படி தட்டும். தேக்கில் பதினோரு மணி நேரம் ஓட்டிய வேலை அது. தேய்த்துச் சரிசெய்யலாம் என்று உப்புத்தாளை எடுத்தேன். ஒரு பக்கம் தேய்த்தால் திமிலின் வளைவே போய்விடும் என்று தெரிந்ததும் கீழே வைத்துவிட்டேன்.

காங்கேயம் பக்கம் எனக்குச் சின்னதாக ஒரு பட்டறை. எட்டடிக்கு நாலடி ரவுட்டர் ஒன்று, அதாவது கம்ப்யூட்டர் சொல்படி மரம் செதுக்கும் மெஷின். செதுக்கும் அலகான பிட்டைச் சுழற்ற 3 கிலோவாட் ஸ்பிண்டில். அதுவரை செய்ததெல்லாம் ஒருபக்க வேலைதான்: பூஜை அறைக் கதவு, வாசல் நிலை, கட்டில் தலைப்பலகை. பலகையை மெஷினின் மேசையான பெட்டில் திருகி, மேலிருந்து செதுக்கி, சதுர அடிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவோம். பின்பக்கம் சுவரைப் பார்த்திருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள்.

கண்ணபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தலைமுறையாகக் காங்கேயம் மாடு வைத்திருக்கும் குடும்பம். மகன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு ஒரு காளை வேண்டும் என்றார். நான் வழக்கம்போல் சுவரில் மாட்டும் பலகையைக் காட்டினேன். "சொவத்துல மாட்டறது வேண்டாமுங்க தம்பி. மேசை மேல நிக்கோணும். எந்தப் பக்கம் நின்னு பார்த்தாலும் காளையா இருக்கோணும்" என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டேன். புரட்டிப் போட்டு மறுபக்கமும் ஓட்டினால் ஆச்சு என்றுதான் அப்போது நினைத்தேன்.

முதல் முயற்சியில், கட்டை இடம் மாறாமல் பிடிக்கும் பின் (pin) எதுவும் போடவில்லை. பெட்டில் ஒரு மூலைத் தடுப்பு வைத்து, பலகையை அதில் முட்டக் கொடுத்து ஒரு பக்கம் ஓட்டினேன். புரட்டி, மறுபடி அதே மூலையில் முட்டக் கொடுத்தேன். பலகையின் எதிரெதிர் ஓரங்கள் இணையாக இருந்தால்தான் இந்த முறை எடுபடும். நம் மரக்கடையில் அறுத்து வாங்கும் பலகையில் அதை எதிர்பார்க்க முடியாது. ஒன்றரை மி.மீ. விலகிப் போனது. அது மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகைத் துண்டுகளை ஒட்டிச் செய்த சோதனைக் கட்டை என்பதால் நட்டம் பெரிதில்லை. புதிதாக ஆரம்பிப்பவர்கள் தயவுசெய்து முதல் உருவத்தை நல்ல மரத்தில் செய்ய வேண்டாம்.

அடுத்து டவல் பின்னுக்கு, அதாவது துளையில் நட்டு இடம் பிடிக்கும் உருண்டைக் குச்சிக்கு மாறினேன். செய்முறை இதுதான். கட்டையைப் பெட்டில் திருகியபின், உருவத்துக்கு வெளியே சட்டமாக நிற்கப்போகும் பகுதியில், எந்தக் கோட்டைச் சுற்றிப் புரட்டப்போகிறோமோ அந்தக் கோட்டின் மேலேயே இரண்டு துளைகளை மெஷினாலேயே போட வேண்டும். துளை கட்டையைத் தாண்டி, கீழே இருக்கும் எம்.டி.எஃப். பலகைக்குள்ளும் 10 மி.மீ. இறங்க வேண்டும். ஒரு பக்கம் முடிந்ததும் கட்டையை எடுத்து, கீழ்ப்பலகைத் துளைகளில் 8 மி.மீ. ஸ்டீல் பின்களை நட்டு, கட்டையைப் புரட்டி அதன் மேல் இறக்க வேண்டும். ஓரம் கோணலாக இருந்தாலும் கவலையில்லை. புரட்டும் கோடு துளைகளில்தான் இருக்கிறது.

சாஃப்ட்வேரில் மேல்கீழாகப் புரட்டுவதா, இடம்வலமாகப் புரட்டுவதா என்று கேட்கும். அதில் ஒன்றைச் சொல்லிவிட்டுக் கையால் வேறு மாதிரி புரட்டினால், வால் இருக்க வேண்டிய இடத்தில் தலை செதுக்கப்படும். கட்டையின் இரண்டு முகத்திலும் பென்சிலால் 'தலை' என்று எழுதி ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். நான் இன்றும் போடுகிறேன்.

இவ்வளவும் செய்துதான் முதலில் சொன்ன அந்தத் தேக்குக் காளையை ஓட்டினேன். அப்படியும் படி தட்டியது.

ரவுட்டர் வாங்குவதற்கு முன்னால் கோவை கணபதியில் ஒரு பேட்டர்ன் பட்டறையில் நாலு வருடம் இருந்தேன். உலோகம் வார்க்கும் பவுண்டரிக்கு மர அச்சு செய்யும் வேலை. அங்கே என்னை வைத்து வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி இப்போது வேலையை விட்டு வீட்டில் இருக்கிறார். காளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். பம்ப் உறை மாதிரி சாமான்களுக்கு அச்சை இரண்டு பாதியாகச் செய்வார்கள். அதில் முதல் வேலையே இரண்டு கட்டைக்கும் டவல் அடித்துச் சேர்ப்பதுதான். சேர்த்த பிறகுதான் லேத்தில் ஏற்றுவதும் உளி வைப்பதும். உருவத்தைச் செய்துவிட்டு அப்புறம் டவல் அடிக்க எந்த மேஸ்திரியும் விட மாட்டார். அவரிடம் கற்ற ஒழுங்கில்தான் நானும் பின்னை முதலில் போட்டிருந்தேன்.

மேஸ்திரி வயிற்றைத் தடவினார், திமிலைத் தடவினார், குளம்பைத் தடவினார். "பின்னு தப்பில்ல கண்ணு. பின்னு தப்புன்னா மொத்த உருவமும் ஒரே பக்கம் போயிருக்கும். இது நடுவுல சரியா இருந்து, மேல ஒரு பக்கம் கீழ ஒரு பக்கம் போகுது. உன்ற மெஷின் மூலைமட்டத்துல இல்ல" என்றார். அவர் ரவுட்டரைத் தொட்டதுகூடக் கிடையாது.

பட்டறைக்கு வந்து பெரிய எம்.டி.எஃப். பலகையில் ஒரு மீட்டர் சதுரத்தின் நாலு மூலையில் சின்னத் துளை போட்டு இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்தேன். கிட்டத்தட்ட 2.8 மி.மீ. வித்தியாசம். அப்படியென்றால் ஸ்பிண்டிலைத் தாங்கி ஓடும் குறுக்குப் பாலம் ஒரு மீட்டருக்கு 2 மி.மீ. சாய்ந்து ஓடுகிறது. கதவு செதுக்கும்போது இது எந்தக் காலத்திலும் தெரியாது. நாலடிக் கதவில் பூ கொஞ்சம் சாய்ந்தால் யார் பார்ப்பார்கள்? புரட்டும்போதுதான் கணக்கு வருகிறது. ஒரு பக்கத்தில் வலப்புறம் சாய்ந்த சாய்வு, கட்டையைப் புரட்டியதும் இடப்புறச் சாய்வாகிவிடும். மெஷினோ மறுபடி வலப்புறமே சாய்த்து ஓட்டும். அதனால் தவறு இரட்டிக்கிறது. என் காளை 240 மி.மீ. உயரம். புரட்டும் கோடு நடுவயிற்றில். அங்கிருந்து திமில் 120 மி.மீ. மேலே. மீட்டருக்கு 2 மி.மீ. வீதம் 120 மி.மீ.க்கு 0.24. இரட்டித்தால் 0.48. என் நகத்தில் தட்டிய அரை மி.மீ. அதுதான்.

பாலத்தின் ஒரு பக்கத்து போல்ட்டுகளைத் தளர்த்தி, கொஞ்சம் தள்ளி, இறுக்கி, மறுபடி துளை போட்டு, மறுபடி அளந்து... ஒரு நாள் முழுக்க இதற்கே போனது. மூன்றாவது சுற்றில் மூலைவிட்டம் இரண்டும் ஒன்றாக வந்தன. இப்போது பெரிய வேலைக்கு முன்னால் இன்னொரு சோதனையும் செய்கிறேன். ஒரு துண்டுப் பலகையில், நடுக்கோட்டுக்கு இருபுறமும் சமதூரத்தில் நாலு மூலையிலும் 8 மி.மீ. துளை, கீழ்ப்பலகை வரை. நாலு பின்னையும் நட்டுப் பலகையைப் புரட்டி இறக்கினால் கையாலேயே அமர வேண்டும். சுத்தியல் கேட்டால் மெஷின் சாய்ந்திருக்கிறது. அளவுகோலே தேவையில்லை.

படி விழுந்தால் அதைப் படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. உருவம் முழுக்க ஒரே அளவு, ஒரே பக்கம் விலகினால் பின்னிலோ, மெஷின் அளவெடுக்கத் தொடங்கும் புள்ளியான ஜீரோவிலோ கோளாறு. பின் கோட்டுக்கும் ஜீரோவுக்கும் இடையே கால் மி.மீ. இருந்தால் உருவத்தில் அரை மி.மீ. தெரியும். நடுவில் சரியாக இருந்து ஓரம் போகப்போக எதிரெதிராக விலகினால் மூலைமட்டம். படியே இல்லாமல், சேருமிடத்தில் இடுப்பில் கட்டிய பட்டை மாதிரி ஒரு தட்டைக் கோடு ஓடினால் அது கனத்தின் கணக்கு.

கனத்துக்கு வருகிறேன். கட்டையின் கனம் 75 மி.மீ. என்று சாஃப்ட்வேரில் போட்டு, உண்மையில் அது 75.6 இருந்தால், இரண்டு பாதிக்கும் நடுவில் அந்த 0.6 மி.மீ. பட்டையாக நிற்கும். இரண்டு முகத்தையும் மெஷினிலேயே சீவிச் சமப்படுத்தி, வெர்னியர் அளவுகோலில் நாலு இடம் அளந்து, வந்த எண்ணை அப்படியே போடுங்கள். இன்னொரு வழியும் உண்டு, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. முதல் பக்கத்துக்கு உயர ஜீரோவைக் கட்டையின் மேல்முகத்தில் வைக்க வேண்டும். புரட்டியபின் ஜீரோவைப் பெட்டின் முகத்தில் வைக்க வேண்டும். முதலில் மேலே இருந்த முகம்தான் இப்போது பெட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதாவது இரண்டு முறையும் ஒரே முகத்தைத்தான் தொடுகிறோம். கனம் எவ்வளவு இருந்தாலும் உருவம் கெடாது. எப்படிச் செய்தாலும் வெளிக்கோட்டை நடுவைத் தாண்டி 1 மி.மீ. ஆழம் வெட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நடுவில் காகிதம் மாதிரி ஒரு தோல் நின்றுவிடும்.

மெஷினுக்குக் கொடுக்கும் கம்ப்யூட்டர் மாடலைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. முதலில் இணையத்தில் ஒரு காளையை இறக்கிப் பெரியவருக்குத் திரையில் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார். "இது நம்ம மாடு இல்லீங்களே. காது தொங்குது. அலைதாடி முழங்கால் வரைக்கும் வருது. இது வடக்கத்தி மாடுங்க" என்றார். காங்கேயம் மாட்டுக்குக் காது சின்னது, நுனி கூராக நிற்கும். அலைதாடி, அதாவது கழுத்துக்குக் கீழே தொங்கும் சதை, மெல்லியது, மார்போடு நின்றுவிடும். கொம்பு வெளியே விரிந்து பின்னோக்கி வளையும். அவர் தொழுவத்துக்கே போய்ப் பக்கவாட்டிலும் முன்னிருந்தும் படம் எடுத்து வந்தேன். அங்கே பிறந்து சில நாளான கன்று ஒன்று செம்மண் நிறத்தில் நின்றது. காங்கேயம் கன்று சிவப்பாகப் பிறந்து, ஆறு மாதம் போல் ஆகும்போது சாம்பல் நிறத்துக்கு மாறும் என்பதைச் சின்ன வயதில் அப்பாரு (தாத்தா) சொல்லிக் கேட்டதோடு சரி, பக்கத்தில் நின்று பார்த்தது அன்றுதான். மாடலை மூன்று வாரம் உட்கார்ந்து புதிதாகச் செய்தேன்.

இடம்வலம், முன்பின், மேல்கீழ் என்று மூன்று திசையில் மட்டும் ஓடும் மெஷினில் பிட் மேலிருந்து கீழே மட்டும்தான் இறங்கும். மேலே நின்று பார்க்கும்போது எது இன்னொன்றுக்குப் பின்னால் மறைகிறதோ அதை அது தொடாது. இடப்பக்கமாகப் பார்க்கும்போது இடது முன்னங்கால், வலது முன்னங்காலை மறைத்தால் இரண்டுக்கும் நடுவில் மரம் அடைத்துக்கொண்டு நிற்கும். அதனால் காளையை நிற்க விடாமல் நடக்க விட்டேன். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. இடப்பக்கமிருந்து பார்த்தால் நாலு காலும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். அப்போது இடப்பக்கம் ஓட்டும்போதே வலக்காலின் உள்முகமும் செதுங்கிவிடும். உளி வைக்க வேண்டிய இடம் காலுக்கு மேலே தொடையிடுக்கு மட்டும்தான். கொம்பும் காதும் பக்கவாட்டில் நீள்வதால் கட்டைக் கனத்துக்குள் அடங்காது. அவற்றைத் தனியாகச் செதுக்கிச் சின்னக் குச்சி வைத்து ஒட்டினேன். கொம்பின் நீளத்துக்கே நார் ஓடும்படி மரத்தை எடுக்கலாம் என்பது கூடுதல் வசதி.

நார் ஓட்டத்தில்தான் நான் இன்னொரு காளையை இழந்தேன். உடம்பு நீளத்துக்கு நார் ஓடும்படி கட்டையை வைத்திருந்தேன். முதுகு அழகாக வந்தது. ஆனால் காலுக்கு அது குறுக்கு நார். சட்டத்திலிருந்து அறுத்தெடுக்கும்போது முன்னங்கால் பிஸ்கட் மாதிரி ஒடிந்தது. இப்போது நாரை மேல்கீழாக வைக்கிறேன். அதற்கு அகலம் போதாது, தேக்குத் துண்டுகளை ஒட்டித்தான் கட்டை செய்ய வேண்டியிருக்கிறது. ஆனால் காலும் வாலும் உறுதி. குளம்புகளைத் தனியாக விடாமல் ஒரு பீடத்தில் சேர்த்துவிட்டேன். உருவத்தைச் சட்டத்தோடு பிடித்திருக்க வெட்டாமல் விடும் சின்ன மரத்துண்டுகளான டேப்களைப் (tab) பீடத்தில் மூன்றும் திமில் உச்சியில் ஒன்றும் வைத்தேன். டேப் எங்கே உளி வைத்துச் சீவ எளிதோ அங்கேதான் இருக்க வேண்டும். முகத்தில், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அப்புறம் வருத்தப்படக் கூடாது.

பிட் விஷயம் நேரானது. ரஃபிங்குக்கு, அதாவது முதலில் மொத்தமாக மரம் நீக்குவதற்கு, 6 மி.மீ. தட்டை பிட், ஒரு மி.மீ. மரம் விட்டு. கடைசி நைசு வேலையான ஃபினிஷிங்குக்கு 3 மி.மீ. பால்நோஸ், அதாவது நுனி உருண்ட பிட், நுனி ஆரம் 1.5. ஸ்டெப்ஓவரை, அதாவது பிட் ஓடும் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள இடைவெளியை, குத்துமதிப்பாகப் போட வேண்டாம். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் நிற்கும் மேட்டின் உயரம், ஸ்டெப்ஓவரின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். 0.6 மி.மீ. வைத்தால் மேடு 0.03 மி.மீ., தடவினால் தெரியும். 0.3 வைத்தால் 0.0075, ஒரு முறை மெல்லிய உப்புத்தாள் போதும். பாதியாக்கினால் மேடு நாலில் ஒன்றாகிறது, நேரம் இரட்டிக்கிறது. 300-க்கு 260 மி.மீ. பரப்பை 0.3-ல் ஓட்டினால் 867 கோடு, மொத்தம் 260 மீட்டர் ஓட்டம். நிமிடத்துக்கு 2.5 மீட்டர் என்றால் 104 நிமிடம் என்று கணக்கு சொல்லும். மேடுபள்ளத்தில் மெஷின் வேகத்தைக் குறைப்பதால் எனக்குப் பக்கத்துக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. இந்த வேலைக்குச் சதுர அடி விலை சொன்னால் நட்டம்தான். மெஷின் மணிக்கணக்கும் கைவேலையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எதிர்க்காலின் உள்முகத்தைத் தொட பிட் 48 மி.மீ. ஆழம் இறங்க வேண்டியிருந்தது. குட்டையான பிட்டைப் போட்டுவிட்டேன். பிட்டைப் பிடித்திருக்கும் கோலெட் நட் சட்டத்தில் உரசிக் கருகிய வாடை வந்த பிறகுதான் நிறுத்தினேன். ஆழத்தைவிட 5 மி.மீ. ஆவது பிட் வெளியே நீட்டியிருக்க வேண்டும். உருவத்தைச் சுற்றி நட் இறங்க வழியும் இருக்க வேண்டும்.

நல்ல வைரம் பாய்ந்த தேக்கு என்றாலும் ஒரு பக்கம் முழுதாகச் செதுக்கினால் கட்டை வளையும். உள்ளே இருந்த இறுக்கம் ஒரு பக்கம் மட்டும் விடுபடுகிறது. அதனால் முதல் பக்கம் ரஃபிங், புரட்டி இரண்டாம் பக்கம் ரஃபிங், எடுத்துப் பத்து நாள் காற்றோட்டமாகப் பரணில் போட்டுவிடுவேன். அதன்பிறகுதான் இரண்டு பக்கமும் ஃபினிஷிங். நம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் மரம் வேகமாகக் காய்கிறது. அப்படிப் பத்து நாள் கழித்து எடுத்தபோது ஒரு தடவை பின் ஏறவே இல்லை. இரண்டு துளைக்கும் நடுவில் தூரம் 0.4 மி.மீ. சுருங்கியிருந்தது. குறுக்கு நாரில்தான் மரம் அதிகம் சுருங்கும், என் துளைகளும் குறுக்கு நாரில்தான் இருந்தன. அதற்கப்புறம் கட்டையில் ஒரு துளையை வட்டமாகவும், மற்றதைப் புரட்டும் கோட்டின் திசையில் 2 மி.மீ. நீண்ட பள்ளமாகவும் வெட்டுகிறேன். வட்டம் இடத்தைப் பிடிக்கும், நீண்டது திசையை மட்டும் பிடிக்கும். ஜீரோவை வட்டத் துளையிலிருந்தே எடுக்கிறேன்.

தேக்குக்குப் பதிலாக வாகையிலும் ஒன்று ஓட்டினேன். நிறமும் ரேகையும் அருமை. ஆனால் அந்தத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. எந்த மரமானாலும் முகக்கவசம் இல்லாமல் ஃபினிஷிங் பக்கத்தில் நிற்காதீர்கள், அதுதான் மிக நைசான தூள். அப்புறம் கரண்ட். மாதாந்திர மின்தடை நாள் எது என்று பார்த்துக்கொண்டுதான் நீண்ட வேலையை ஆரம்பிக்கிறேன். பாதியில் கரண்ட் போனால் மெஷின் தன் இடத்தை மறந்துவிடும். ஜீரோவின் மெஷின் அளவை நோட்டில் எழுதி வைத்திருந்தால், மெஷினை அதன் தொடக்க மூலைக்கு அனுப்பி (ஹோம் எடுத்து) விட்டு அதே இடத்துக்குத் திரும்பலாம். எழுதி வைக்காத ஒரு காளைக்குக் கழுத்தில் இன்னும் ஒரு கோடு இருக்கிறது. அது என் பட்டறையில்தான் நிற்கிறது.

புதுமனை புகுவிழாவுக்கு நாலு நாள் முன்னால் பெரியவர் வந்தார். காளையைக் கையில் வாங்கி, சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், முன்னிருந்து வெகுநேரம் பார்த்தார். படியைத் தேடவே இல்லை. "நெத்தி இன்னும் கொஞ்சம் அகலமா இருக்கோணும்ங்க தம்பி. மத்ததெல்லாம் நம்ம மாடுதான்" என்றார். பிறகு, ஒற்றை மாடாக நிற்பது அவருக்கு மனசுக்கு ஒப்பவில்லை, ஜோடியாக வேண்டும் என்று சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

நெற்றியை 3 மி.மீ. அகலப்படுத்தியிருக்கிறேன். ஜோடி என்பதால் ஒன்று இடக்காலை முன்வைத்து, இன்னொன்று வலக்காலை முன்வைத்து நடக்கிறது. இரண்டு கட்டையும் ரஃபிங் முடிந்து பரணில் கிடக்கின்றன. ஆடிக் காற்று நன்றாக அடிக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை இறக்கிப் பின்னைப் போட்டுப் பார்க்க வேண்டும்.